பூச்சியத்தை யார் வைப்பது: கெட்ஸ், ஸ்கேன்எஃப், எஃப்கெட்ஸ், ரீட்

சி மொழியில் ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துகளின் தொடர்) எங்கே முடிகிறது என்று காட்டுவது அதன் கடைசியில் நிற்கும் பூச்சிய பைட் மட்டும்தான். அது இல்லாவிட்டால் அச்சிடும் செயற்கூறான பிரின்ட்எஃப் பக்கத்து நினைவகத்தையும் சேர்த்து அச்சிட்டுக்கொண்டே போகும்.

உள்ளீட்டை வாசிக்கும் நான்கு செயற்கூறுகளில் பூச்சியத்தை யார் வைக்கிறார்கள் என்று பார்ப்போம். கெட்ஸ் பூச்சியத்தை வைக்கும், ஆனால் பஃபரின், அதாவது வாசித்ததை வைக்க நாம் ஒதுக்கிய நினைவக இடத்தின், அளவு அதற்குத் தெரியாது. 1988இல் மொரிஸ் வேர்ம் என்ற, கணினிக்குக் கணினி தானே பரவும் நிரல் பரவிய வழிகளில் ஒன்று இந்த ஓட்டைதான். சி மொழியின் 2011 தரநிலையில் கெட்ஸைத் தூக்கியே விட்டார்கள்.

ஸ்கேன்எஃப்பில் அகலம் (அதிகபட்சம் எத்தனை பைட் எடுக்கலாம் என்பது) குறிக்காமல் எழுதினால் அதே ஆபத்து. 20 பைட் பஃபருக்கு அகலம் 19 என்று கொடுத்தால் சரி. ஆனாலும், பஃபரும் அகலமும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 'மாங்குளம் சந்தி' என்று அடித்தால் 'மாங்குளம்' மட்டுமே கிடைக்கும், இடைவெளியில் நின்றுவிடும்.

விசைப்பலகைக்கும் கோப்புக்கும் நான் எஃப்கெட்ஸையே சொல்வேன். 20 என்று கொடுத்தால் 19 பைட்டுக்கு மேல் எடுக்காது, பூச்சியத்தையும் தானே வைக்கும். ஆனால் தமிழ்ப் பெயர் வாசிக்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எழுத்துகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; 'கி' என்பது 'க', இகரக் குறி என இரண்டு குறியீடு. 'கிளிநொச்சி' 30 பைட், 'புதுக்குடியிருப்பு' 54 பைட். அந்த 20 பைட் பஃபரில் 'கிளிநொ' முழுதாக வரும், அப்புறம் 'ச'வின் முதல் பைட் மட்டும் தொங்கும். நினைவகம் பத்திரம், ஊர்ப்பெயர் சிதைந்துவிடும். வன்னி ஊர்ப்பட்டியல் வாசிக்கும் நிரலுக்கு 128 பைட்டாவது ஒதுக்குங்கள்.

ரீட் வேறு மாதிரி. எத்தனை பைட் வந்தது என்று மட்டும் சொல்லும், பூச்சியத்தை வைப்பது நம் பொறுப்பு. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை சீரியல் போர்ட்டில் அனுப்பும் கருவி ஒன்று இருந்தால் இதைத்தான் பயன்படுத்த வேண்டிவரும். பஃபர் அளவில் ஒன்று குறைத்துக் கேளுங்கள். திரும்பி வந்த எண் மைனஸ் ஒன்றா என்று முதலில் பாருங்கள். அது பிழைக்கான அடையாளம்; பார்க்காமல் பஃபரில் அந்த எண்ணுள்ள இடத்தில் பூச்சியம் எழுதினால் பஃபருக்கு முன்னால் இருக்கும் நினைவகம் கெடும். ஒரு வரி இரண்டு துண்டாகவும் வரலாம், வரிமுடிவு வரும்வரை சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எஃப்கெட்ஸில் இன்னொரு வேலை மிச்சம். வரிமுடிவுக் குறியையும் அது பஃபரில் வைத்திருக்கும், அது எங்கே இருக்கிறது என்று ஸ்ட்ர்சிஸ்பன் என்ற செயற்கூறு கொண்டு கண்டு நீக்கலாம். அந்தக் குறி பஃபரில் இல்லையென்றால், கோப்பு முடிந்திருந்தாலொழிய, வரியின் மிச்சம் இன்னும் உள்ளீட்டில் வாசிக்கப்படாமல் காத்திருக்கிறது. வரிமுடிவு வரை அதை வாசித்துத் தள்ளாவிட்டால் அடுத்த எஃப்கெட்ஸ் அந்த மிச்சத்தை இன்னொரு ஊராகப் பதிந்துவிடும்.