பெண்குழந்தைப் பெயர்ச் செயலி: தேடலில் தேறியது, பொருளில் தடுமாறியது

பெண்குழந்தைக்குப் பெயர் தேடுவோருக்கென்று வந்துள்ள ஒரு கைபேசிச் செயலியைச் சில வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். முதலெழுத்தைக் கொடுத்தாலும், எத்தனை எழுத்தில் வேண்டும் என்று கேட்டாலும் பட்டியல் உடனே வந்துவிடுகிறது; பிடித்த பெயர்களைத் தனியே சேர்த்து உறவினருக்கு அனுப்பவும் முடிகிறது. அந்த அளவில் குறையில்லை.

பொருளையும் மூலத்தையும் நம்பி எடுத்துக்கொள்ளலாமா என்பதில்தான் சிக்கல். வனஜா என்ற பெயரைத் தட்டினால், 'காட்டில் பிறந்தவள்; மூலம்: இந்தியா' என்று வருகிறது. சொல்லைப் பிரித்தால் அப்படியும் பொருள் கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் 'வனம்' என்பதற்கு வடமொழியில் காடு என்பதோடு நீர் என்ற பொருளும் உண்டு. நீரில் பிறப்பதால் தாமரைக்கு வனஜம் என்று பெயர், அதையே தமிழில் வனசம் என்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டியிருந்தாலே இது தெரிந்திருக்கும். சேற்றில் பிறந்தது பங்கஜம், பொய்கையில் பிறந்தது சரோஜா, நீரில் பிறந்தவை ஜலஜாவும் அம்புஜமும் என்று ஒரே அச்சில் வார்த்த பெயர்கள் எத்தனையோ இருக்க, அவற்றுக்கெல்லாம் தாமரை என்று சரியாகச் சொல்லும் செயலி, வனஜாவை மட்டும் காட்டுக்கு அனுப்பிவிட்டது.

'மூலம்: இந்தியா' என்பது அதைவிடப் பெரிய குறை. நாடு எப்படிப் பெயருக்கு மூலமாகும்? கயல்விழிக்கும் வனஜாவுக்கும் ஒரே முத்திரையைக் குத்தினால், எது தமிழ், எது வடமொழி என்று பார்த்துப் பெயரிட விரும்புவோருக்கு இந்தச் செயலியால் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், மார்கரெட் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் முத்தைக் குறிக்கும் சொல்லே மூலம் என்பதையும், ரீட்டா, கிரேட்டா ஆகியவை அதன் குறுக்கங்கள் என்பதையும் இதே செயலி பிழையின்றித் தருகிறது.

உச்சரிப்பைக் கேட்கும் வசதி ஒப்பேறும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே வரும் எண்கணிதப் பலனை அணைக்க வழியில்லாதது எரிச்சல்.

பெயர்களைத் திரட்டிக்கொள்ள மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்த பெயரின் பொருளை, பதிவு செய்வதற்கு முன் அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது.