பிழைதிருத்தியும் ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ குழப்பமும்

சாதாரண ஸ்பெல்செக் ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ என்ற இந்த ஆங்கிலச் சொல் ஜோடியிடம் தோற்றுப்போகும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள், அதனால் சிவப்புக் கோடு விழாது. இலக்கணமும் பார்க்கும் திருத்தி பரவாயில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘தி’, ‘ஆன்’ போன்றவற்றை அடுத்து ‘அஃபெக்ட்’ வந்தால் பெரும்பாலும் பிடித்துவிடும்; அங்கே வேண்டியது பெயர்ச்சொல், அதாவது ‘எஃபெக்ட்’ (விளைவு). ‘அஃபெக்ட்’ பொதுவாக வினைச்சொல் (தாக்கம் செலுத்துவது).

சறுக்கும் இடம் ‘எஃபெக்ட் எ சேஞ்ச்’. இங்கே ‘எஃபெக்ட்’ வினைதான்: மாற்றத்தைக் கொண்டுவருவது. திருத்தி சொல்வதை நம்பி ‘அஃபெக்ட்’ ஆக்கினால், ஏற்கெனவே நடக்கும் மாற்றத்தின் மேல் தாக்கம் செலுத்துவதாகப் பொருள் புரண்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டு ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தக் கூடாது.

திருத்திகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத ஒன்று: ‘அஃபெக்ட்’ என்பதைத் தமிழில் ‘பாதிப்பு’ என்று சொன்னால் பெரும்பாலும் கெடுதல்தான்; ஆங்கில ‘அஃபெக்ட்’ நல்ல தாக்கத்துக்கும் பொருந்தும்.