டெர்மினல் உறைந்தது, கீபோர்டு தப்பித்தது: ரிச்சி தெரு சர்வீஸ் கடை
என் லேப்டாப்பில் லினக்ஸ் டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரை, அடிக்கடி எந்த பட்டனுக்கும் அசையாமல் நிற்கிறது என்று வேளச்சேரியில் ஒரு கடையில் காட்டினேன், பார்த்த உடனே கீபோர்டு போச்சு, 2,400 ரூபாய் ஆகும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்னக் கடைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் லேப்டாப்பைக் கழற்றவே இல்லை, "தம்பி, பழக்கத்துல கன்ட்ரோல் எஸ் அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு கன்ட்ரோல் கியூ தட்டினார், அதுவரை நான் அடித்ததெல்லாம் கடகடவென்று வந்து விழுந்தது. கன்ட்ரோல் எஸ் திரையை நிறுத்தி வைக்கும், கன்ட்ரோல் கியூ தொடர வைக்கும்; டெலிடைப் என்ற பழைய தட்டச்சுத் தந்திக் கருவி காலத்து 'நிறுத்து, தொடர்' சைகையாம், பெயர் எக்ஸ்ஆஃப், எக்ஸ்ஆன். அப்புறம் டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி (.bashrc) அமைப்புக் கோப்பில், இந்தச் சைகையை அணைக்கும் 'எஸ்டிடிஒய் மைனஸ் ஐஎக்ஸ்ஆன்' (stty -ixon) என்று ஒரே ஒரு வரி சேர்த்தார், தொல்லை விட்டது. காசு வேண்டாம் என்றவர் கையில் 100 ரூபாயைத் திணித்துவிட்டு வந்தேன். பார்க்கிங்தான் நரகம், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள்.