கயாக்கில் கிராப்பி: 8 அடி ராடா, 12 அடி ராடா?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கிரெனடா ஏரி மாதிரியான கலங்கல் தண்ணீரில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள், படகின் முன்புறம் பல ராட்களை (தூண்டில் கம்புகளை) அரைவட்டமாக நீட்டி வைத்து மெதுவாக நகர்வார்கள். பெரிய படகில் 14, 16 அடி ராட்கூடச் சாதாரணம். கயாக்கில், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் குறுகலான சின்னப் படகில், கேள்வி வேறு: 8 அடியா, 12 அடியா?

12 அடியின் பலம் தூரம். இரை கயாக்கை விட்டுத் தள்ளி இறங்கும், மீன் மிரளாது. நுனிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி கிடைப்பதால் தூண்டில் நரம்பு ஒன்றோடொன்று சிக்காது. வசந்தகாலத்தில் கிராப்பி முட்டையிட ஆழமில்லாத இடத்துக்கு வரும்போது இது பெரிய விஷயம்.

ஆனால் மீன் மாட்டிய பிறகு பாருங்கள். நீங்கள் தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். நரம்பை நுனிவரை சுற்றினால் மீன் கைக்கு எட்டாத தூரத்தில் தொங்கும். நரம்பை நீளமாக விட்டு, ராடைத் தலைக்கு மேல் தூக்கினால் வரும்தான். அதற்குள் பக்கத்து ராட்களில் உரசும். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, அந்த நேரத்தில் துள்ளினால் கிழிந்துவிடும். 8 அடி ராடை ஒரே கையால் உயர்த்தி, மறு கையால் வலையை நீட்டிவிடலாம். ராடைத் தாங்கும் ஹோல்டருக்கும் பாரம் குறைவு.

கயாக் சத்தமில்லாமல் நகர்வதால் அந்தக் கூடுதல் 4 அடி பெரும்பாலும் தேவைப்படாது. என் ஓட்டு 8 அடிக்கே. எல்லா ராடும் ஒரே நீளம், மென்மையான நுனி. அலையில் கயாக் குலுங்கினாலும் அந்த நுனி வாங்கிக்கொள்ளும், இரை துள்ளாது. அப்புறம், ஒருவர் எத்தனை ராட் வைக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.