வெள்ளை அஸ்பாரகஸுக்கு எது: சில்வானரா, ரீஸ்லிங்கா?

ஏப்ரலில் தொடங்கி ஜூன் 24, புனித யோவான் திருநாள் வரை ஜெர்மனியில் வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காயின் காலம். அவித்த தண்டு, புது உருளைக்கிழங்கு, ஹாம், மேலே வெண்ணெயும் மஞ்சள் கருவும் சேர்ந்த ஹாலண்டேஸ் சாஸ். கூடவே இனிப்பில்லாத வெள்ளை ஒயின் என்றதும் பலருடைய கை ரீஸ்லிங் திராட்சை ஒயின் பக்கம் போகிறது. எங்கள் ஓட்டு இன்னொரு வெள்ளைத் திராட்சையான சில்வானருக்கே, அதுவும் ஜெர்மனியின் ஃபிராங்கன் பகுதியில் விளைந்ததற்கே.

ரீஸ்லிங்கின் பெருமையில் தகராறு இல்லை. நல்ல ரீஸ்லிங் பத்து ஆண்டு கிடந்தாலும் தாங்கும். சாதாரணச் சில்வானரை இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும். அவித்த மீன், வினிகரில் ஊறிய காய், கொழுப்பான பன்றிக்கறி ஆகியவற்றுக்கு ரீஸ்லிங்தான்.

இந்தத் தட்டில் மட்டும் வழக்கைத் தீர்ப்பது புளிப்பு. இனிப்பில்லாத ரீஸ்லிங்கில் லிட்டருக்குப் பெரும்பாலும் 7 முதல் 9 கிராம் அமிலம் இருக்கும்; சில்வானரில் 5 முதல் 6.5 வரை. அஸ்பாரகஸில் மெல்லிய கசப்பும் கந்தகச் சேர்மங்களும் உண்டு. கூர்மையான புளிப்பு அவற்றின் மேல் விழுந்தால் நாக்கில் தகரம் நக்கிய மாதிரி ஒரு சுவை தங்கும். வெண்ணெய் அதை ஓரளவுதான் மறைக்கும். சில்வானரின் அடங்கிய புளிப்பும் பச்சை மூலிகை வாசமும் தண்டோடு சண்டை போடுவதில்லை. ஃபிராங்கனின் வூர்ட்ஸ்பர்க் நகரச் சுற்றுவட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் விளைந்ததானால் இன்னும் விசேஷம். தட்டையான வயிற்றுப் பாட்டிலைத் தேடுங்கள், அது பெரும்பாலும் ஃபிராங்கன். 1659இல் காஸ்டெல் ஊரில் நட்டதிலிருந்து சில்வானர் அங்கே வேரூன்றியிருக்கிறது.

லேபிளில் ஒரு சிக்கல். 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பில்லாதது, என்றால் புளிக்காமல் ஒயினில் தங்கிய மீதிச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராமுக்குள்; ஆனால் அமிலத்தைவிட 2 கிராமுக்கு மேல் கூடாதவரை 9 கிராம் வரை சட்டம் விடுகிறது. புளிப்பு மிகுந்த ரீஸ்லிங்குக்கு இந்தச் சலுகை எளிதில் வாய்க்கும். ஆல்கஹாலையும் பாருங்கள்: 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நம்பலாம், 8, 9 என்றால் அது இனிப்பு ஒயின்.

பல நேரம் பழி ஒயின் மேல் விழும், குற்றம் சமையலில் இருக்கும். தலைக்குக் கீழிருந்து அடிவரை தடிமனாகத் தோல் சீவுங்கள். அடியில் 2 சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். தோல் மிஞ்சினால் நாரும் கசப்பும் எந்த ஒயினையும் கெடுக்கும். உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய் போட்ட நீரில் தடித்த தண்டு வேக 12 முதல் 15 நிமிடம். ஹாலண்டேஸுக்கு 3 மஞ்சள் கரு, 200 கிராம் உருக்கிய வெண்ணெய், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டிக்குள். சாறு கூடினால் சில்வானர் தண்ணீராகத் தோன்றும். அதனாலேயே அஸ்பாரகஸை வினிகர் சாலடாகப் பரிமாறும் நாளில் ரீஸ்லிங்கை எடுப்பதே சரி. கரியில் சுட்ட பச்சை அஸ்பாரகஸுக்கு எது என்று அடித்துச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

மர வாசம் ஏறிய சில்வானரைத் தவிருங்கள். ரீஸ்லிங் 8, 9 டிகிரியிலும் பேசும். சில்வானருக்கு 10, 11 வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்த பிறகு திறங்கள்.