மடிநோய்க்கு டியூபா, கத்தாழையா, அயோடின் கிண்ணமா?

மாட்டுக்கு மடி வீங்கிருச்சுன்னு சொன்னா எங்க ஊர்ல மொத கேள்வியே "ஊசி போட்டாச்சா?" தான். நானும் அப்படித்தான் இருந்தேன். ஈரோடு பக்கம் 4 கறவை வச்சிருக்கோம், எல்லாம் ஜெர்சி கிராஸ். ஆன்டிபயாட்டிக்குக்கு கிருமி பழகிப்போச்சுன்னு பேச்சு வந்தா உடனே நாமக்கல் கோழிப்பண்ணைய கைகாட்டிருவோம். ஆனா கறவை மாட்டுல ஆன்டிபயாட்டிக் அதிகமா போறது இந்த மடிநோய்க்குத்தான், அது நம்ம கட்டுத்தறியிலயே நடக்குது. மூணு வழியையும் செஞ்சு பாத்தவன்கிற முறையில எழுதறேன்.

மொதல்ல காம்புத் தொளை வழியா ஏத்தற ஆன்டிபயாட்டிக் டியூபும் ஊசியும். வேகம்னா இதுதான், சந்தேகமே இல்ல. காய்ச்சல் அடிச்சு, மாடு தீனி எடுக்காம, காம்புல தண்ணி மாதிரி வந்தா நான் வேற எதையும் யோசிக்க மாட்டேன், நேரா டாக்டருக்கு போன் தான். பிரச்சினை மருந்துல இல்ல, அதச் சுத்தி நாம செய்யறதுல இருக்கு. மூணு நாள் கோர்ஸ்ம்பாங்க, ரெண்டாவது நாள் பால் வெள்ளையா வந்துட்டா மூணாவது டியூப் அலமாரிக்குப் போயிரும், அடுத்த மாட்டுக்கு ஆகும்னு. அரைகுறையா அடி வாங்கி தப்பிச்ச கிருமி அங்கயேதான் இருக்கும். அதுவுமில்லாம எந்தக் கிருமின்னு தெரியாமயே போடறோம். லேசான ஈகோலையா இருந்தா பெரும்பாலும் மாட்டோட உடம்பே அதத் தொரத்திரும், மருந்தே தேவைப்படாது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸா இருந்து நாள்பட்டுப் போச்சுன்னா மடி சதைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், எத்தன டியூப் ஏத்துனாலும் திரும்பத் திரும்ப வரும். பால் சாம்பிள் குடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு கேக்கும்னு பாத்துரலாம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துல வசதி இருக்கு. ஆனா ரிசல்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்க யாருக்கு மனசு வரும் சொல்லுங்க.

இதுல பெரிய சிக்கல், மருந்து பால்ல வரும்ங்கறதால அந்தப் பால விக்காம நிறுத்தி வைக்கறது. மருந்து லேபிள்ல தனியா நாள் கணக்கு நிரூபிச்சுப் போடலன்னா பாலுக்கு குறைஞ்சது 7 நாள், கறிக்கு 28 நாள்னு 2012லயே மத்திய அரசு விதி கொண்டு வந்தாச்சு. ஒரு காம்புல மட்டும் டியூப் ஏத்துனாலும் நாலு காம்பு பாலும் ஆகாது. கணக்கு போட்டுப் பாருங்க, ஊசி போடற 3 நாள், அப்புறம் 7 நாள், தெனம் 9 லிட்டர், லிட்டர் 35 ரூபான்னு வச்சாலே 3,150 ரூபா சாக்கடைக்குப் போகுது. யாரு ஊத்துவாங்க? பால் சொசைட்டியில கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக மிச்ச சத்து) பாப்பாங்க, எங்க ஊர் சொசைட்டியில மருந்து இருக்கான்னு யாரும் பாத்து நான் பாக்கல. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல நாடு முழுக்க எடுத்த பால் சர்வேல 6,432 சாம்பிள்ல 77ல தான் அளவுக்கு மேல ஆன்டிபயாட்டிக் இருந்துச்சாம். கம்மிதானேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா நூறு மாட்டுப் பால் ஒரே டேங்க்ல கலந்தா ஒரு மாட்டு மருந்து நூத்துல ஒரு பங்கா கரைஞ்சிரும், அதனால இந்த நம்பர வச்சு கட்டுத்தறி நிலவரத்த சொல்ல முடியாதுங்கறது என் எண்ணம்.

எங்கம்மாவுக்கு லேப் வேண்டாம். ஒரு தடவ ஊசி போட்ட மாட்டுப் பால வீட்டுக்கு வச்சுக்கலாம், காய்ச்சிட்டா சரியாப் போயிரும்னு நெனச்சு உறை ஊத்துனாங்க, காலையில பாத்தா தயிர் உறையவே இல்ல, பாலாவே நிக்குது. காய்ச்சுனா மருந்து அவ்வளவு சுலபமா போகாதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, நம்ம உறைமோர்ல இருக்கற நல்ல கிருமியையே அது வளர விடல. அந்தப் பால என்ன செஞ்சோம்னு கேளுங்க. கன்னுக்குட்டிக்கு ஊத்துனோம், வீணாப் போகக்கூடாதேன்னு. அதுதான் பெரிய தப்பு. கொஞ்சூண்டு மருந்து தெனமும் கன்னு வயித்துக்குள்ள போனா அங்க இருக்கற கிருமிக்கு ட்யூஷன் எடுத்த மாதிரி ஆயிரும், சாணி வழியா அது வயக்காட்டுக்கும் போகும்.

இந்த நஷ்டத்துக்கு பயந்துதான் இன்னொரு விவகாரமும் நடக்குது. செஃப்டியோஃபர்னு ஒரு மருந்து, பல நாட்டுல அதுக்கு பால நிறுத்தவே வேண்டாம்னு லேபிள்லயே அனுமதி இருக்கு. விவசாயிக்கு இனிக்காம என்ன செய்யும்? ஆனா அது மூணாம் தலைமுறை செபலோஸ்போரின், ஆஸ்பத்திரியில சீரியஸ் கேஸுக்குப் போடற செஃப்ட்ரையாக்சோன் வகையறா. மனுசனுக்காக பத்திரமா வைக்க வேண்டிய மருந்துன்னு உலக சுகாதார நிறுவனம் வரிசைப்படுத்துன லிஸ்ட்ல மேல இருக்கறது. பாலுக்கு லாபமான மருந்துதான் ஊருக்கு ஆபத்தான மருந்தா இருக்கு, இந்த முடிச்ச அவுக்காம "பொறுப்பா பயன்படுத்துங்க"ன்னு போஸ்டர் ஒட்டி என்ன பிரயோஜனம்?

ரெண்டாவது கத்தாழை. கால்நடைப் பல்கலைக்கழகத்துல இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்புன முறை, தேசிய பால்வள வாரியமும் எடுத்துச் சொல்லுது. சோத்துக் கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைச்சா குங்குமம் மாதிரி செவந்து வரும், அந்த நிறம் வரலன்னா சுண்ணாம்பு பழசு. பால சுத்தமா பீச்சி எடுத்துட்டு, மடியக் கழுவி, ஒரு கை எடுத்து தண்ணியில கரைச்சு தடவணும். பால நிறுத்த வேண்டியதில்ல, செலவும் டீக்காசுதான். எங்க செவலைக்கு திரிதிரியா வந்த பால் நாலாவது நாள் தெளிஞ்சுது. ஆனா கறுப்பிக்கு கேக்கல, நான் ரெண்டு நாள் லேட்டா ஆரம்பிச்சேன், ஒரு காம்பு கல்லாப் போய் இப்ப அது முக்காம்பு மாடு.

யூட்யூப்ல இதப் பத்தி பேசறவங்க சொல்லாத சங்கதி ஒன்னு இருக்கு. ஒரு நாளைக்கு 8லருந்து 10 தடவ தடவணும், 5 நாளைக்கு. அதாவது மணிக்கொரு தரம் யாராச்சும் வாளியோட போய் குத்த வச்சு உக்காரணும், அந்த யாராச்சும் எங்க வீட்ல அம்மாதான். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல காலையில ஒன்னு சாயங்காலம் ஒன்னு தடவிட்டு "நாட்டு மருந்து சுத்த வேஸ்ட்"னு சொல்றத நானே கேட்டிருக்கேன்.

மூணாவது, நோய் வராம பாக்கறது. சொல்றதுக்கு பெருசா ஒன்னும் இல்ல. கறந்து முடிச்சதும் போவிடோன் அயோடின் கரைசல் இருக்கற சின்னக் கிண்ணத்துல ஒவ்வொரு காம்பையும் முக்கி எடுக்கணும், காம்புத் தொளை மூட அரை மணி நேரம் ஆகும்ங்கறதால அதுவரைக்கும் மாடு படுக்காம இருக்க சோளத்தட்டு போட்டு நிக்க வைக்கணும், அவ்வளவுதான். கஷ்டம் என்னன்னா, இது வேலை செஞ்சா ஒன்னுமே நடக்காது, ஒன்னுமே நடக்காததுக்கு எவன் தெனம் ரெண்டு வேளை முக்குவான்னு மூணாம் மாசம் விட்டுர்றோம். நானும் விட்டவன்தான்.

வெளிநாட்டுல ஆன்டிபயாட்டிக்கக் குறைக்கறத அவங்கவங்க விருப்பத்துக்கு விடல, சட்டத்துல புடிச்சாங்க. பால் வத்தற நேரத்துல எல்லா மாட்டுக்கும் கண்ண மூடிட்டு டியூப் ஏத்தற பழக்கத்துக்கு ஐரோப்பிய யூனியன் 2022 ஜனவரியில முட்டுக்கட்டை போட்டுச்சு. நெதர்லாந்து அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பண்ணையோட மருந்துக் கணக்கையும் பதிவு பண்ணி, அதே மாதிரி பண்ணைகளோட ஒப்பிட்டு, மருந்துப் பயன்பாட்ட 2009ல இருந்தத விட பாதிக்கும் கீழ கொண்டு வந்தாங்க. இங்கயும் 2019ல கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாட்டிக்க கால்நடைக்கும் கோழிக்கும் தடை பண்ணாங்க, நல்ல காரியம். ஆனா தீவனத்துல கலக்கற ஒரு மருந்த தடை பண்றது வேற, 4 மாடு வச்சிருக்கறவனோட அலமாரிய கணக்கெடுக்கறது வேற. நிறுத்துன பாலுக்கு சொசைட்டி பாதி வெலையாச்சும் குடுத்தா நான் மொத ஆளா சாக்கடையில ஊத்துவேன்.

இப்ப எங்க வீட்ல தெனமும் கிண்ணம், திரி கண்ட அன்னிக்கே கத்தாழை, 24 மணி நேரத்துல அடங்கலன்னா இல்ல காய்ச்சல் இருந்தா டாக்டர். ஊசி போட்ட மாட்டுக் கொம்புல அம்மா ஒரு செவப்புத் துணி கட்டிருவாங்க, அவுக்கற வரைக்கும் வாளி தனி, கன்னுக்கும் கெடையாது. கடைசியா துணி கட்டுனது மாசி மாசம், கறுப்பிக்கு.