உப்புத்தாள் எழுத்துகளும் மணல் தட்டும்: இரண்டு பிள்ளைகளோடு புழங்கிய அனுபவம்

என் பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் எழுத்துகளைக் கற்பிக்க உப்புத்தாள் எழுத்து அட்டைகளையும் மணல் தட்டையும்தான் பெரும்பாலும் பயன்படுத்தி வருகிறேன். மூத்தவள் மூன்றாம் வகுப்பில் சரளமாக வாசிக்கிறாள். இளையவன் இப்போதுதான் உயிர்மெய்க்கு வந்திருக்கிறான்.

எழுத்தின் வடிவத்தை உப்புத்தாளில் வெட்டி வழுவழுப்பான அட்டையில் ஒட்டி, குழந்தை அதை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும் முறை, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியுடையது. மணலில் எழுதுவதோ நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் லண்டனில் அது பற்றி நூலும் வெளியிட்டார்.

முதலில் கடையில் வாங்கிய தொகுப்பு எனக்கு நிறைவளிக்கவில்லை. அச்செழுத்தை அப்படியே பெரிதாக்கி வெட்டியிருந்ததால் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தது. விரல் எங்கே தொடங்கி எங்கே திரும்ப வேண்டும் என்பது குழந்தைக்குப் பிடிபடவில்லை. மழைக்காலத்தில் ஓரங்களும் பெயர்ந்துவிட்டன. ஆகவே ஹார்டுவேர் கடையில் 150ஆம் எண் உப்புத்தாள் வாங்கி, ஒரே அகலக் கோடாக நானே வெட்டி ஒட்டினேன். 80ஆம் எண் தாள் பிஞ்சு விரலை உறுத்தும். தட்டில் சலித்த மணலே நல்லது. ரவையைப் பரப்பினால் எறும்பு வந்துவிடும்.

அட்டையின் தரத்தைவிட, எழுத்துகளை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துகிறோம் என்பதே முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன். சுழியும் வளைவும் நிறைந்த 'அ'வை விட்டு, நேர்கோடுகளால் ஆன ட, ப இரண்டையும் முதலில் கொடுத்து, அடுத்து 'ம'வைச் சேர்த்தால் அன்றைக்கே சொற்கள் கிடைத்துவிடுகின்றன. புள்ளிக்குப் புளியங்கொட்டையைப் பயன்படுத்தினோம். ப, ட, ட, ம என நான்கு அட்டைகளை வரிசையாக வைத்து, இரண்டாவதன் தலையிலும் நான்காவதன் தலையிலும் ஒவ்வொரு கொட்டையை வைத்தால் 'பட்டம்'. கொட்டையை எடுத்தும் வைத்தும் ஒலி மாறுவதைக் கேட்டு இளையவன் சிரித்த சிரிப்பில், மெய்யெழுத்தைப் பற்றி நான் தனியாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'பானா, டானா' என்று பெயர் சொல்லிப் பழக்காமல் ஒலியை மட்டும் சொன்னது இதற்குப் பெரிதும் உதவியது. பெயராகக் கற்ற குழந்தை எழுத்துகளைக் கூட்டி வாசிக்கும்போது தடுமாறுகிறது.

உயிர்மெய் 216க்கும் அட்டை செய்ய வேண்டியதில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு போன்ற குறிகளைத் தனித் துண்டுகளாக வெட்டிவைத்தால் குழந்தையே அவற்றை எழுத்தோடு சேர்த்துக்கொள்ளும். அதுவரை தனி வடிவில் எழுதப்பட்ட றா, ணா, னா, லை, ளை உள்ளிட்ட 13 எழுத்துகளை 1978இல் தமிழக அரசு சீர்திருத்தியிராவிட்டால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. கு, டு, து, பு என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைவதால், அந்த இரு வரிசைகளின் 36 எழுத்துகளுக்கும் தனித்தனி அட்டையே வேண்டும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. விரலால் தடவிய குழந்தைக்குப் பென்சில் பிடிக்கத் தானாக வந்துவிடாது. அதற்குச் சிலேட்டும் பலப்பமும் வேண்டும். ல, ள, ழ வடிவங்களைக் கை வேறுபடுத்தினாலும், எந்தச் சொல்லில் எது வரும் என்பதைப் பெரியவர்கள் திருத்தமாக உச்சரித்து நிறைய வாசித்துக் காட்டினால்தான் குழந்தை பிடித்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும் வெட்ட நேரமில்லாதவர்கள் ட, ப, ம, க, த, ர, வ ஆகியவற்றோடு கு, டு, து, பு, ரு ஆகியவற்றையும் முதலில் வெட்டிக்கொள்ளலாம். ஙு, ஙூ இரண்டையும் நான் இதுவரை வெட்டவில்லை. பிள்ளைகளின் வாசிப்பில் அவை எதிர்ப்படவும் இல்லை.